அழுகிய தேங்காய் சாட்சி இல்லை, அக்கா

என் ஆசை அக்காவுக்கு,

போன வருடம் இதே மழைக்காலத்தில்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு போனோம். வருகிற வெள்ளிக்கிழமை உன் ஆண்டுத் திதி. உனக்கென்று எழுதினாலும் இதை ஊரே படிக்கும்படிதான் எழுதுகிறேன். உன்னைக் கள்ளி என்று சொன்னவர்கள் காதோடு காதாகவா சொன்னார்கள்? நம் மஹய்யாவத் தெருவில், கோயில் வாசலில், எல்லோருக்கும் கேட்கும்படிதானே சொன்னார்கள்? பதிலும் எல்லோர் காதிலும் விழட்டும்.

தெரியாதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். சில வருடங்களுக்கு முன்பு நீ கண்டி டவுனில் ஒரு வியாபாரி வீட்டில் சமையல் வேலை செய்தாய். ஒருநாள் அந்த வீட்டு அலுமாரியில் இருந்த தங்கக் காப்பு காணாமல் போனது. வீட்டுக்கார அம்மா உன்னைப் பார்த்த பார்வையே உனக்குப் போதுமாக இருந்தது. ரோசக்காரி நீ. "சந்தேகம்னா கோயிலுக்கு வாங்கம்மா. சாமி முன்னுக்கு தேங்கா ஒடச்சி சத்தியம் பண்றேன்" என்றாய். யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. சாமி மேலும் உன் மேலும் உனக்கு அவ்வளவு நம்பிக்கை.

தேங்காய் உடைந்தது. உள்ளே கறுத்து அழுகியிருந்தது.

அந்த நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. கூடியிருந்தவர்கள் உன்னை விட்டு விலகி நின்றார்கள். நம் அம்மாவே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வீட்டுக்கார அம்மா அங்கிருந்து நேரே பொலிஸுக்குப் போனார். காப்பு களவு போனதைச் சொல்லப் போனவர், தேங்காய் அழுகியிருந்ததைத்தான் முதலில் சொன்னாராம்.

அதற்குப் பிறகு யாராவது விசாரித்தார்களா, அக்கா? அந்த அலுமாரியை ஒருத்தராவது போய்ப் பார்த்தார்களா? சாவி யார் யார் கையில் இருந்தது, அன்று அந்த வீட்டுக்கு வேறு யார் வந்து போனார்கள் என்று கேட்டார்களா? காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஸ்டேஷனில் உன்னை நிற்க வைத்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய்? எடுக்காதவளுக்கு ஒளித்த இடம் எப்படித் தெரியும்?

ஒன்றும் கிடைக்காமல் உன்னை விட்டுவிட்டார்கள். ஆனால் விட்டதைப் பற்றி யாரும் பேசவில்லை, கூட்டிக்கொண்டு போனதைத்தான் பேசினார்கள். உனக்கு வந்த சம்பந்தம் நின்றுபோனது. வேறு வீட்டில் வேலை தர ஆளில்லை. அதெல்லாம்கூட எனக்கு என்றைக்காவது ஆறிவிடும். போன வருடம் நீ கடைசியாகப் படுத்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ கேட்டது மட்டும் ஆறாது. "நான் எடுக்கல மல்லி. அப்ப ஏன்டி அது அழுகியிருந்திச்சி?" பொலிஸ் உன்னை ஒருநாள்தான் விசாரித்தது. அந்தத் தேங்காய் நீ சாகும்வரை விசாரித்தது.

நான் பொலிஸில் சேர்ந்தபோது அம்மா போட்ட சண்டை நினைவிருக்கிறதா? "உங்கக்காவ நிக்க வச்ச எடத்துக்கே சம்பளத்துக்குப் போறியா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நீதான் என் யூனிபோமை அயன் பண்ணியபடி, தலையைத் தூக்காமல் சொன்னாய். "போகட்டும்மா. வர்ற பொம்பளைக்கு உக்கார ஒரு கதிரையாவது குடுப்பாள்ல."

குடுத்தேன், அக்கா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் வேலை செய்வது கண்டிப் பக்கம் ஒரு ஸ்டேஷனில், பெயர் வேண்டாம். போன மாதம் ஒரு தையல் கடைக்காரர் வந்தார். வீட்டு அலுமாரியில் இருந்த அவர் மனைவியின் சங்கிலியைக் காணவில்லை. பின்னாலேயே, அங்கே வீடு கூட்ட வருகிற செல்வி என்ற பெண்ணையும் இழுத்து வந்திருந்தார்கள். கடைக்காரர் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, "கோயில்ல வச்சி தேங்கா ஒடச்சோம் மிஸ். அழுகல். சாமியே காட்டிக் குடுத்திருச்சி" என்றார்.

செல்வி நின்ற நிற்பு அப்படியே நீ நின்ற நிற்பு.

என் மேலதிகாரி சார்ஜனுக்கு வேலை சுலபமாகிவிட்டது. ஆள்தான் தெரிந்துவிட்டதே, இரண்டு தட்டுத் தட்டினால் சங்கிலி வந்துவிடும் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுக் கதிரையைப் பின்னால் தள்ளினார். நான் அசையவில்லை. "அந்தத் தேங்காயையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க சேர். அதுக்கிட்டயும் ஒரு வாக்குமூலம் எழுதிருவோம். சிங்களத்துல பேசுமா தமிழ்ல பேசுமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றேன். சிங்களத்திலும் சொன்னேன், அவருக்குப் புரியாமல் போய்விடக்கூடாதே. அவர் முகம் சிவந்துவிட்டது. சிவக்கட்டும். தட்டி வாங்குகிற ஒப்புதல் கோர்ட்டில் நிற்காது, அலுமாரியில் இருக்கிற கைரேகை நிற்கும் என்று அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். எனக்கு இடமாற்றம் வரும் என்று பேசிக்கொள்கிறார்கள். வந்தால் போகிறேன், அங்கேயும் கதிரை இருக்கும்தானே?

அலுமாரி இருந்த அறைக்குள் யாரும் கால் வைக்கக்கூடாது என்று சொல்லி, கைரேகை எடுக்கிறவர்களை அனுப்ப வைத்தேன். அவர்கள் அங்கே பவுடர் தூவிக்கொண்டிருந்தபோது இங்கே நான் செல்வியை உட்கார வைத்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் போகாமல் பக்கத்திலேயே நானும் உட்கார்ந்தேன். தேத்தண்ணி வந்தது. அவள் கோப்பையைத் தொடவில்லை.

"நான் எடுக்கல மிஸ்."

"எடுத்தீங்களான்னு நான் கேக்கவே இல்லையே. அன்னைக்குக் காலையில அந்த வீட்டுக்குள்ள போனதுல இருந்து நடந்தத எல்லாம் நீங்களே சொல்லுங்க. நான் குறுக்க பேச மாட்டேன்."

குறுக்கே பேசாமல் இருப்பதுதான் இந்த வேலையில் கஷ்டமானது, அக்கா. நம்மவர்களுக்கு யாராவது பேச்சை நிறுத்தினால் உடனே எதையாவது சொல்லி நிரப்ப வேண்டும். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவள் கூட்டிய அறைகளைச் சொன்னாள், கழுவிய சட்டிகளைச் சொன்னாள். பிறகு, யாரும் கேட்காமலே சொன்னாள். "கூரை ஒழுகுதுன்னு ஓடு மாத்த ஒருத்தர் வந்தாரு மிஸ். சமைக்கிற குசினிக் கூரைதான். ஆனா அவரு அலுமாரி இருக்கிற ரூமுக்குள்ள இருந்து வெளிய வந்தாரு. நான் நெனச்சேன், அங்கயும் ஒழுகுது போலன்னு."

அலுமாரிக் கண்ணாடியில் இருந்த ரேகை அந்த ஓடு மாற்றுகிறவனுடையது. சங்கிலி கடுகண்ணாவையில் ஓர் அடகுக் கடையில் கிடைத்தது. கடைக்காரர் செல்வியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. சார்ஜன் இப்போதும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

செல்விக்கு ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. வாசல்வரை போனவள் திரும்பி வந்து மெதுவாகக் கேட்டாள். "அப்ப தேங்கா ஏன் மிஸ் அழுகியிருந்திச்சி?"

உன் குரலே வந்து கேட்டதுபோல் இருந்தது. இந்த முறை எனக்குப் பதில் வந்தது.

"பழைய தேங்கா. வித்தவன் ஏமாத்திட்டான்."

அவள் சிரித்துவிட்டாள். அவளை அனுப்பிவிட்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். ஆஸ்பத்திரியில் உனக்குச் சொல்லியிருக்க வேண்டிய இரண்டு வார்த்தை இவ்வளவுதானா, அக்கா?

அந்தக் காப்பை யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரும் தேடவில்லை, இனித் தேடவும் முடியாது. தெரியாததைத் தெரியாது என்று எழுதத்தான் எனக்குத் தெரியும். ஆனால் உனக்கு எதிராக அன்று இருந்த ஒரே சாட்சி என்னவென்று தெரியும். கேட்டுக்கொள்ளுங்கள், மஹய்யாவக்காரர்களே, ஒரு பழைய தேங்காய்.

அன்றிலிருந்து அம்மா நம் வீட்டில் தேங்காய் உடைத்ததே இல்லை. சம்பலுக்குக்கூடப் பக்கத்து வீட்டில் கொடுத்து உடைத்து வாங்குவாள். "திதிக்குத் தேங்கா வேணாம் மல்லி, பழம் மட்டும் வைப்போம்" என்று நேற்றும் கெஞ்சினாள். பயம், அக்கா. இன்னொரு தரம் உன்னைக் கைவிட வேண்டி வருமோ என்ற பயம்.

நான் உடைப்பேன். வெள்ளிக்கிழமை, அதே கோயிலில், அதே கல்லில், அம்மாவைப் பக்கத்தில் நிறுத்தி, ஊர் பார்க்க உன் பேரைச் சொல்லி உடைப்பேன். வெள்ளையாக இருந்தால் சாமிக்கு வைப்பேன். அழுகியிருந்தால் எல்லோர் முன்னாலும் எதிர்க் கடைக்கு நடந்து போய் இன்னொன்று வாங்கி வருவேன்.

இது நீ இடுப்பில் சுமந்து வளர்த்த, இன்னும் உன் பக்கமே நிற்கிற,
உன் தங்கச்சி மல்லி