வன்னிக்கு அடித்த சிவப்புப் பெயின்ட்

11-4-2006, செவ்வாய். ருவைஸ், அபுதாபி.

காலையிலிருந்து புழுதிக் காற்று. கண் எரிச்சல். கேம்ப்புக்குப் பின்னால் புது ரோடு போட மரம் எடுக்கும் டூட்டி. சீமைக்கருவேலத்தை வெட்டலாம். ‘காஃப்’ என்று இந்த நாட்டு மரம் ஒன்று, அதைத் தொடக் கூடாதாம். நான் பார்த்ததே இல்லை.

ஃபோர்மேன் ரஷீத் பாய் வண்டியை விட்டு இறங்க மாட்டார். ஏசி. “து போல்”, எது கருவேலம் என்று நீயே சொல் என்று, என்னிடம் விட்டுவிட்டார். ராமநாதபுரத்துக்காரனிடமா கேட்பது! கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்ட உடம்பு இது. நடந்தபடியே ஒன்பது மரத்துக்கும் ‘வெட்டு’ என்று சிவப்புப் பெயின்ட். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சாயங்காலத்துக்குள் நான்கை வெட்டிச் சாய்த்தோம்.

வாங்க: சோப்பு, ஃபோன் கார்டு, பிளாஸ்திரி.

12-4, புதன்.

வெயில். மிஷின் வேறு பக்கம் போய்விட்டது, இன்று வெட்டு இல்லை. பெயின்ட் அடித்த ஒரு மரத்தடியில் சாப்பாடு. கிளை சட்டையைப் பிடித்து இழுத்தது. எடுத்துவிடும்போதுதான் முள்ளைப் பார்த்தேன். சின்ன முள். கிளை நெடுக அங்கொன்று இங்கொன்று. கருவேலத்துக்குக் கணுவில் ஜோடி ஜோடியாக நிற்கும். அப்படியானால் இது கருவேலம் இல்லை.

இலை: பொடிசு, சாம்பல் பூத்த பச்சை.
பூ: விரல் நீளக் கதிர், வெளிர் மஞ்சள்.
காய்: பிஞ்சுதான். பயற்றங்காய் மாதிரி ஒல்லி.

ஒரு கொப்பு ஒடித்துப் பாக்கெட்டில் வைத்தேன். சாயங்காலம் செல்விக்கு ஃபோன். பார்த்ததைச் சொன்னேன்.

“முள்ளு ஜோடியா இல்லையா? காய் ஒல்லியா நீளமா?”

“ஆமா.”

“வன்னி மாமா அது! பிள்ளையார் கோயில்ல நான் வாராவாரம் சுத்துற மரம். பிள்ளை வேணும்னு தொட்டில் கட்டிருக்கேன்ல.”

தொட்டில் கட்டியது எனக்கு இன்றுதான் தெரியும். கல்யாணமாகி மூன்று வருஷம். சேர்ந்து இருந்தது நான்கு மாதம்.

“அங்கிட்டு நீங்க சுத்துங்க, இங்கிட்டு நான் சுத்துறேன். பிள்ளையாரே குழம்பிப் போகட்டும்.” சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள். பெயின்ட் விஷயத்தைச் சொல்லவில்லை.

13-4, வியாழன்.

மிஷின் கிளம்புமுன் ரஷீத் பாயிடம் போனேன். ஊருக்கு அனுப்பிவிட்டால்?

“பாய், மேரா கல்தி.” என் தப்புதான் என்றேன்.

கத்தினார். இன்ஜினீயரிடம் ஒன்பதும் கருவேலம் என்று சொல்லியாயிற்றாம். கொப்பை நீட்டினேன். பார்த்தார். முதல் தடவையாக வண்டியை விட்டு இறங்கினார். மரத்தடிக்குப் போய் ஒரு பிஞ்சைப் பறித்துக் கடித்தார்.

“அரே, ஜண்ட்!” பஞ்சாபில் அவர் ஊர் மரமாம். பிஞ்சைக் கறி வைப்பார்களாம். அரபியில் இதுதான் காஃப் என்று அவரே தலையில் அடித்துக்கொண்டார். மிச்சம் ஐந்தையும் கூடவே வந்து முள் பார்த்தார். மூன்று வன்னி. தின்னர் வைத்து நானே பெயின்டைத் துடைத்தேன். கை எரிகிறது, பரவாயில்லை.

14-4, வெள்ளி. லீவு.

சித்திரை ஒன்று. குளித்துவிட்டு மூன்று மரத்தையும் சுற்றினேன். ரூமில் ஒரே கிண்டல். “என்னடா, ஆடு தேடுறியா?” திட்டிவிட்டு நானும் சிரித்தேன்.

பிறகு, செவ்வாய்க்கிழமை வெட்டிய குவியல் பக்கம் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். மூன்று மரத்தில் ஜோடி முள். நான்காவதில் இல்லை. இலை காய்ந்துவிட்டது, பூக்கதிர் இன்னும் உதிரவில்லை. அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

செல்விக்கு ஃபோன்.

“சுத்தினீங்களா மாமா?”

“சுத்தினேன்.”

“எத்தனை மரம் இருக்கு அங்க?”

“மூணு” என்றேன்.