மீன்குஞ்சுக்கு யார் படிப்பித்தது?

மயிலாடிக் கல்பட்டறையிலிருந்து உன் தம்பி கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தான். உன் கல்லறைக்கான கறுப்புக் கல். வெட்டுவதற்கு முன் சுண்ணக்கட்டியால் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். உன் பெயருக்குக் கீழே, ‘கடலின் மகள், பிறவி நீச்சல் வீராங்கனை’.

“அக்கா, நீங்க தமிழ் படிச்சவங்கல்லா. எழுத்துப்பிழை மட்டும் பாத்துச் சொல்லுங்க” என்றான்.

எழுத்துப்பிழை எதுவும் இல்லை. ஆனால் ‘பிறவி’ என்ற சொல்லிலேயே என் கண் நின்றுவிட்டது.

கல்லூரியில் படிக்கும்போது நம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் சுசீந்திரத்தில் எங்கள் வீட்டில் கூடியிருந்தோமே, அந்த நாள் நினைவிருக்கிறதா? ஆற்றுப் படித்துறையில் கடற்கரை ஊர்க்காரியான நீ மட்டும் மேல்படியில் கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். “மீன்குஞ்சுக்கு நீச்சல் படிப்பிக்கணுமாட்டி?” என்று சொல்லிக்கொண்டே ஒருத்தி உன்னைத் தள்ளிவிட்டாள். நீ மூழ்கி எழுந்து மறுபடி மூழ்கினாய். “நடிக்கா பாரு, கடப்புறத்துக்காரி!” என்று சிரித்தார்கள். துணி துவைத்துக்கொண்டிருந்த என் சித்திதான் குதித்து, உன் முடியைப் பற்றி இழுத்துப் போட்டாள். தண்ணீரைக் கக்கி முடித்ததும் நீ கத்தினாய்: “கடலுக்குப் போனது எங்கப்பா! நான் ஸ்கூலுக்குல்லா போனேன்!”

அதற்கும் உடனே ஒரு வார்த்தை வந்து விழுந்தது. “கடப்புறத்துத் தொண்டை. பிறவிக்குணம் போகுமா?”

அடுத்த ஞாயிறே, பூசை முடிந்த கையோடு பஸ் ஏறி வந்து நின்றாய். சித்தி ஒரு வாழைத்தடியைத் தண்ணீரில் போட்டு உன்னை அதைப் பிடிக்கச் செய்தாள். காதில் சீழ் வைத்தது, மூக்கெல்லாம் எரிந்தது. வாழைத்தடியை விட்டு நீந்த உனக்கு எத்தனையோ ஞாயிறுகள் ஆயின. கரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த என்னையும் நீ விட்டுவைக்கவில்லை. “இவளுக்கு அமைதி கூடப்பிறந்தது” என்று சித்தி சொன்னதற்கு, “அமைதியும் இல்ல, ஒண்ணும் இல்ல சித்தி. இவளுக்கு ஆளுகமேல நம்பிக்கை இல்ல, அவ்வளவுதான்” என்றாய். நீ சொன்னதுதான் சரி.

பிறகு நீ விளையாட்டு ஆசிரியை ஆனாய். கடற்கரை ஊர்ப் பெண்பிள்ளைகளை, அவர்களுடைய அம்மாமார்களிடம் மல்லுக்கட்டி, தண்ணீரில் இறக்கினாய். உனக்கு நடந்த பாராட்டு விழாவில் ஒருவர், “கடல் இவர் ரத்தத்திலேயே இருக்கிறது” என்று முழங்கினார். நீ என் காதில், “ரத்தத்துல உப்புதாண்டி இருக்கு. அதுக்குத்தான் பிரஷர் மாத்திரை திங்கேன்” என்றாய். நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இன்றும் வரவில்லை. நீ கோபப்பட்டால் அது பிறவிக்குணம், அதாவது உன் ஊர்க்காரர்களின் குணம். நீ ஜெயித்தால் அது பிறவித் திறமை, ஆண்டவர் கொடுத்தது. நடுவில் நீ என்று ஒருத்தி இருந்ததாகவே இவர்களுக்குத் தெரியவில்லையே! இப்போது அதைக் கல்லிலும் வெட்டப்போகிறார்கள்.

உன் தம்பியைக் கைப்பேசியில் கூப்பிட்டேன்.

“அந்தப் ‘பிறவி’யை எடுத்துரு.”

“பெருமையான வார்த்தைதானக்கா? கடப்புறத்துல பெறந்தவளுக்கு நீச்சல் தானா வந்ததுதானே?”

“உனக்குத் தானா வந்துதா?”

“எனக்கு அப்பா படிப்பிச்சாரு. சின்னதுல வள்ளத்துல கூட்டிட்டுப் போயி கடல்ல தூக்கிப் போடுவாரு.”

“அவளைப் போட்டாரா?”

“பொம்பளப்பிள்ளைய யாருக்கா கடல்ல…”

முடிக்காமல் நிறுத்திக்கொண்டான். கல் வெட்டுகிறவரிடம், “கொஞ்சம் நிறுத்துங்க” என்றான். பிறகு, “என்னத்த வெட்டச் சொல்லட்டும்?” என்றான்.

கல்லை நட்ட அன்று நானும் வந்திருந்தேன். ‘நீந்தப் படித்தாள், படிப்பித்தாள்.’ நான் சொன்னபடி, உன் பெயருக்குக் கீழே அவ்வளவுதான் இருந்தது. எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் அதை வாசித்துவிட்டு, “கடப்புறத்துக்காரி நீந்தப் படிச்சாளா? இது என்ன கூத்து!” என்றார்.

“ஆமா, படிச்சா!” என்றேன். கல்லறைத் தோட்டமே திரும்பிப் பார்த்தது. அவ்வளவு சத்தம் என் தொண்டையில் இருக்கிறதென்று எனக்கே தெரியாது.

அது என் கூடப்பிறந்தது இல்லை, மக்கா. உன்னிடம் படித்தது.