கொக்கியை எங்கே மாட்டுவது

ஆட்டையாம்பட்டி,
திருவருகைக் கால முதல் ஞாயிறு.

அன்புள்ள ஜெனிட்டா கண்ணுக்கு, அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே நடமாட்டமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தப் பனியில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலைப் பூசையில் கேட்டுக்கொண்டேன். இதென்ன திடீரென்று பேனாவை எடுத்துவிட்டாள் என்று நினைப்பாய். போனில் கூப்பிட்டால் அம்மா இப்ப கூரைக்கு ஏறணும் அப்புறம் பேசறேன் என்கிறாய், வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு ஓடிவிடுகிறாய். காகிதமாக வந்தால் உட்கார்ந்துதானே படிக்க வேண்டும். எதிர்வீட்டு நான்சி வியாழக்கிழமை கனடா திரும்புகிறாள், அவள் பெட்டியில் கைமுறுக்கோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். உடைந்த முறுக்கை முதலில் தின்று தீர்த்துவிடு.

வெண்ணந்தூர் ரோட்டில் துண்டுத் தறி போட்டிருக்கிற குமரகுருவின் கூரை விஷயம் உனக்குப் பாதிதான் தெரியும், மீதியைச் சொல்ல விடாமல் வேலை வந்துவிட்டது உனக்கு. அவன் எட்டாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்தவன், இப்போது பெரிய தறிக்கூடம், மேலே சிமென்ட் அட்டை, வெளிச்சத்துக்காக நடுநடுவே பிளாஸ்டிக் ஷீட், அதற்கும் மேல் வரிசையாகச் சோலார் பேனல். கூரை ஓரத்துத் தகர வாய்க்காலில் பஞ்சுத் தூசி அடைத்துக்கொள்ளும், மழைக்கு முன்னால் தங்கமுத்து ஏறி அள்ளிப்போடுவான். ஆடி மாதத்தில் வேறொரு ஊரில் ஒருவர் இப்படி ஏறி, தூசி படிந்த பிளாஸ்டிக் ஷீட்டை அட்டை என்று நினைத்து மிதித்து, ஷீட்டோடு தறி மேலேயே விழுந்துவிட்டார். உயிர் இருக்கிறது, இடுப்பு போய்விட்டது. அதைக் கேட்ட நாளிலிருந்து தங்கமுத்துவின் பெண்சாதி மயிலம்மாள், எம் புருசன இனி மேல ஏத்தாதீங்க மொதலாளி என்று குமரகுருவிடம் நேராகவே சொல்லிவிட்டாள். அப்போதுதான் அவன் நம் வீட்டுக்கு வந்து, டீச்சர், நம்ம ஜெனிட்டா பாப்பாவுக்கு கனடாவுல கூரையில இருந்து ஆளு உழாம தடுப்பு வெக்கறதுதானுங்களே வேலை, எது வாங்கிப் போட்டா ஆளு உழாதுன்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க என்றான். நீ போட்டோ கேட்டாய், நானும் பன்னிரண்டு போட்டோ எடுத்து அனுப்பினேன். அதற்கு நீ என்ன சொன்னாய் என்பதைப் பிறகு எழுதுகிறேன், அது எனக்கு வேறு ஒன்றுக்கு வேண்டும்.

அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. யாரோ சொன்னார்கள் என்று சேஃப்டி பெல்ட் நான்கு வாங்கிவிட்டான், ஆயுத பூசைக்குத் தறிக்கு வைத்த மாதிரியே பெல்ட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாலையோடு மாட்டிவிட்டான். ஐப்பசி வந்தும் மாலை காய்ந்து தொங்கியதே தவிர யாரும் அதைத் தொடவில்லை. நான் தங்கமுத்துவைக் கேட்டேன், பொட்டு வெச்ச சாமானத்த இடுப்புல கட்டிக்கிட்டு குப்பை அள்ளப் போறதுங்களா டீச்சர் என்றான். இதைத்தான் உன்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன், நீ சிரிக்கவில்லை. பெல்ட் இருக்கட்டும்மா, கொக்கிய எதுல மாட்டுவாங்க என்று கேட்டாய், அதோடு லைன் போய்விட்டது.

மறுநாளே அதைக் கேட்கத்தான் தறிக்கூடத்துக்குப் போனேன். குமரகுரு, அதெல்லாம் மேல போனா ஏதாச்சும் இருக்குமுங்க டீச்சர் என்று கையை விசிறிவிட்டான். நான் காபி குடித்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வாய்க்கால் அடைத்திருந்ததால் தண்ணீர் உள்பக்கமாக வழிந்து, தறியில் ஏற்றியிருந்த சாய நூல் பாவு மேலேயே சொட்ட ஆரம்பித்தது. சாயம் ஓடினால் அத்தனையும் பாழ் என்று குமரகுரு பதறிப்போய், தங்கமுத்து, இந்த ஒரு தடவை, பெல்ட்டப் போட்டுக்கிட்டு ஏறிரு சாமி என்றான். அவனும் பெல்ட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றி, பொட்டோடு மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினான். மயிலம்மாள் பாவு ஓட்டுகிற இடத்திலிருந்து ஓடி வந்து முற்றத்தில் மழையில் நின்றாள். ஏணி உச்சியில் அவன் தலை கூரைக்கு மேலே போனது, அப்படியே நின்றுவிட்டான். ஒரு கையில் ஏணி, இன்னொரு கையில் கொக்கி. கூரையில் சுற்றிக்கொண்டிருந்த தகரக் காற்றாடியைப் பார்த்தான், சோலார் சட்டத்தைப் பார்த்தான், பிறகு கீழே திரும்பி, டீச்சர், இத எங்கீங்க மாட்டறது என்று கேட்டான். நீ கேட்ட அதே கேள்வி, ஜெனி. முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னவள், அன்றைக்கு மழையில் நனைந்துகொண்டு மேலே பார்த்தபடி நின்றேன். குமரகுருதான் கத்தினான், எறங்குடா, போனா பாவு போவுது, எறங்கு. தறிகளை நிறுத்தித் தார்ப்பாயை இழுத்து மூடினார்கள், பாதிப் பாவு போயிற்று. மயிலம்மாள் இறங்கி வந்தவனின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்து, கேக்கறதுக்கு ஏணி உச்சிக்குப் போவோணுமாக்கும் என்றாள், பிறகுதான் அழுதாள்.

அன்று மாலை குமரகுரு நம் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தான், நாற்காலி போட்டும் உட்காரவில்லை. நீ முன்பே அனுப்பியும் அவன் கேட்க வராமலே இருந்த குரல் செய்தியைப் போட்டுக் காட்டினேன். முதலில் ஆள் மேலே போகாமலே வேலை முடியுமா என்று பார், முடியாவிட்டால் ஓரத்தில் தடுப்பு வை, அதுவும் ஆகாத இடத்தில் ஓரத்தை எட்டாத கயிறு, விழுந்த பின் தாங்குகிற கயிறு கடைசி என்று நீ சொன்னதை அவன் இரண்டு தடவை கேட்டான், ஆனால் முகத்தில் தெளிவில்லை. எனக்குத்தான் உதாரணம் சொல்லாவிட்டால் தூக்கம் வராதே. குமரகுரு, பள்ளிக்கூடத்துக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கட்டினோமா, பிள்ளைக்கு ஒரு கயிறு கொடுத்து ஜாக்கிரதையாக விளையாடு என்றோமா என்று கேட்டேன். செவுருதானுங்க என்றான். ஏன்? பிள்ளை மறந்தாலும் செவுரு மறக்காதுங்களே என்றான். சரி, உன் தோட்டத்தில் கிணற்றடியில் மாட்டைக் கட்டும்போது கயிறு எவ்வளவு விடுவாய்? கெணத்துக்கு எட்டாத அளவுக்குங்க. உள்ளே விழுந்து தொங்கட்டும், கயிறு தாங்கும் என்று விடுவாயா? ஐயோ, கழுத்து போயிருமுங்க என்றவன் அங்கேயே நிறுத்திக்கொண்டான். பெல்ட்டில் தொங்குகிற மனிதனையும் உடனே இறக்க வேண்டும், ராசிபுரத்திலிருந்து ஆம்புலன்ஸ் வரும் வரை தாங்காது என்று நீ சொன்னதை அப்போது சேர்த்துச் சொன்னேன். உள்ளேயிருந்து அப்பா, எட்டாம் வகுப்பில் இவ்வளவு சீக்கிரம் உனக்குப் புரிந்ததே இல்லையே குமரகுரு என்றார். அப்பத் தலைக்கு மேல கூரை ஸ்ட்ராங்கா இருந்துச்சுங்க சார் என்றான் அவன்.

ஆனாலும் ஒரு பயம் விடவில்லை அவனுக்கு. அட்டையில் துளை போட்டுக் கம்பி நட்டால் ஒழுகும், அட்டையும் தாங்காது என்றான். அதுவும் சரிதான். நீ சொன்னபடி சேலத்திலிருந்து ஒரு இன்ஜினியரை வரவழைத்தான், அவர் ஏணியில் நின்றே பார்த்து, அட்டையை விட்டுவிடுங்கள், தரையிலிருந்தே இரும்புத் தூண் எழுப்பிக் கூரை ஓரத்தை ஒட்டி வெளிப்பக்கமாக நடைமேடை போடலாம் என்றார். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற அன்பரசு பட்டறையில் செய்து வந்து மாட்டினார்கள். ஏறப் படிக்கட்டு, இடுப்புக்கு மேல் ஒரு கம்பி, நடுவில் ஒரு கம்பி, சாமான் உருளாமல் கீழே ஒரு விளிம்பு. பிளாஸ்டிக் ஷீட் எல்லாவற்றுக்கும் கம்பி வலை. இனி வாய்க்கால் அள்ள, பேனல் கழுவ, யாரும் அட்டையை மிதிக்க வேண்டாம், நடைமேடையில் நின்று நீளக்கட்டைத் துடைப்பத்தை நீட்டினால் போதும். பேனல் ரிப்பேர்க்காரர் மட்டும் உள்ளே போக வேண்டும், அவருக்குப் பலகைப் பாதையும், இரும்புச் சட்டத்தோடு பிணைத்துப் பாரம் இழுத்துப் பார்த்த கொக்கி வளையமும், ஓரத்தை எட்டாத கயிறும். பொட்டு வைத்த பெல்ட்டுக்கு ஒருவழியாக மாட்ட இடம் கிடைத்தது.

போன செவ்வாய்க்கிழமை தங்கமுத்து ஏறினான், மழை தூறிக்கொண்டுதான் இருந்தது. நடைமேடையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று நிதானமாக அள்ளினான். மயிலம்மாள் கீழேயிருந்து, பாருங்க டீச்சர், ஊர்கோலம் போற மாப்பிள்ளையாட்ட நடக்கறத என்றாள். பிறகு நானும் ஏறினேன், திட்டாதே, படிக்கட்டுதான், கம்பியை விடவே இல்லை. அலவாய்மலை வரைக்கும் தெரிந்தது. அந்தக் கம்பி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று சொன்னவள் நீ, அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். குமரகுரு, என்னங்க டீச்சர் மயக்கமா என்று கேட்டான். இல்லை சாமி, பார்க்கிறேன் என்றேன்.

இந்த வருடம் அப்பாவை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்ட விடவில்லை. உன் முதல் விதிதான், போகாமலே முடியுமா என்று பார்த்தேன், முடிந்தது, கொய்யா மரத்தில் கட்டியிருக்கிறோம். மூன்று ஞானிகளும் குனிந்துதான் பார்க்கணும் என்று அப்பா முணுமுணுக்கிறார். நீ இல்லாமல் கட்டுகிற மூன்றாவது ஸ்டார் இது. கூரை வேலை நடந்த இந்த ஒரு மாதமும் கம்பிக்கு, வலைக்கு, வளையத்துக்கு என்று தினமும் உன்னைக் கேட்க எனக்கு ஒரு வரிக் கேள்வியாவது இருந்தது. வேலை முடிந்ததும் குமரகுரு நிம்மதியாகத் தூங்குகிறான், நான் போனை எடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் வைத்துவிடுகிறேன்.

மாதா உன்னையும் மாப்பிள்ளையையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும், ஏறுகிற ஒவ்வொரு கூரையிலிருந்தும் நீ உன் காலாலேயே இறங்கி வர வேண்டும். கடைசியாக ஒன்றை நினைவுபடுத்துகிறேன். அந்தப் பன்னிரண்டு போட்டோவையும் பார்த்துவிட்டு நீ சொன்னாயே, போட்டோவப் பாத்து ஒரு கூரைய நல்லா இருக்குன்னு சொல்லக் கூடாதும்மா, பக்கத்துல போய் நின்னு பாத்தவங்கதான் சொல்லணும் என்று. ஞாயிறுதோறும் போனில் உன் முகத்தைப் பார்க்கிறேன், நல்லா இருக்கேம்மா என்கிறாய், கன்னம் வற்றியிருக்கிறதா வெளிச்சம் அப்படி விழுகிறதா என்று எனக்குத் தெரிவதில்லை. அப்பா கேட்டால் நல்லா இருக்கிறாள் என்று சொல்லிவிடுகிறேன். உன் விதிப்படி நான் அப்படிச் சொல்லக் கூடாது. வந்து பக்கத்தில் நில், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
இன்னாசிமேரி அற்புதராஜ்