கோந்தில் செய்த சளி

மாதா துணை
குன்றாண்டார்கோவில்
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகன் செம்மலுக்கு, அம்மா எழுதுவது. கத்தார் வெயிலில் நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் மெழுகுவர்த்தி ஏற்றினேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் லீவு முடிந்து திரும்புகிற ஆத்மநாதன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டுப் பதறாதே சாமி. தங்கச்சி அன்புச்செல்விக்குப் பரீட்சை, அவளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை என் சாயங்கால வகுப்புப் பிள்ளைகளுக்கு, நம் உடம்புக்குள் சளி எதற்கு இருக்கிறது என்று பாடம். வெறும் வாயால் சொன்னால் மண்டையில் ஏறாதே என்று வெள்ளைக் கோந்தும் பச்சைக் கலரும் வாங்கினேன், வெண்காரத் தண்ணீரை மட்டும் நானே ஊற்றினேன். கிண்டக் கிண்டக் கொழகொழவென்று திரண்டதும் அதுகளுக்கு ஒரே கும்மாளம், மூக்குக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு ஆடுகிறதுகள். சளி தூசியைப் பிடிப்பதைக் காட்ட, கல் உடைக்கும் கிரஷரிலிருந்து ஒரு பொட்டலம் தூசி கொண்டுவரச் சொல்லியிருந்தேன் உன் அப்பாவிடம். வேலை விட்டு நேரே வந்தவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஒரு சிட்டிகை தூவினார்கள், பச்சையெல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டது. ரம்யா என்று ஒரு வாயாடி எழுந்து, தெனமும் தூசி வந்துக்கிட்டே இருந்தா என்னாகும் டீச்சர் என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா, கறுத்துப் போகும் தாயி, அப்புறம் ரத்தமும் சேந்து வரும் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். பிள்ளைகள் சிரித்தன. நான் பாடத்தை அதோடு நிறுத்திப் பிள்ளைகளை அனுப்பிவிட்டேன்.

வீட்டில் வைத்துக் கேட்டால், நாலு மாசமாகவாம். துண்டில் துப்பி, குளிக்கும்போதே அலசிப் போட்டுவிடுகிறாராம். ஊர்ப் பிள்ளைகளுக்குச் சளியைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன், பக்கத்தில் படுக்கிற மனுஷன் இருமுவதைக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போய்த் தூங்கியிருக்கிறேன், நானெல்லாம் ஒரு டீச்சர். மறுநாளே புதுக்கோட்டைக்கு இழுத்துப்போய் எக்ஸ்ரே எடுத்தோம். நுரையீரலில் கல்தூசி படிந்துவிட்டது, கெட்டுப்போனது இனிச் சரியாகாது, மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கிரஷர் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர். அதற்கு அடுத்த நாள் காலையில் இவர் தூக்குவாளியோடு கிளம்பிவிட்டார். வீட்ல ஒக்காந்தா இன்னும் சீக்கிரமாப் போயிருவேன்டி என்கிறார். என் பேச்சு எடுபடாது செம்மல், நீ சொன்னால்தான் கேட்பார். நயமாகப் பேசாதே, அதட்டு.

நேற்று கொல்லைப்பக்கம் போனால், அந்தச் சாம்பல் உருண்டை ஒன்றை எடுத்து வந்து குழாயடியில் குந்திக்கொண்டு பிசைந்து பிசைந்து கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், போகமாட்டேங்குதே டீச்சரு என்றார். நானும் வாங்கிக் கொஞ்ச நேரம் கழுவினேன்.

மாதா உன்னைக் கைவிடமாட்டாள். நீயும் சைட்டில் சிமெண்டுத் தூசிக்குள் நிற்கிறவன், முகத்துக்குத் துணி கட்டாமல் நிற்காதே. இதைப் படித்த அன்றைக்கே அப்பாவைக் கூப்பிடு, நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லாதே.

உன் அம்மா
சந்தனமேரி