வரம்பு வரும்வரை

1961 மாசி 12, இரவு.

இன்று மனைவியின் தம்பி சிவராசனை அடித்துவிட்டேன். நெல் அரிவி வெட்டு தொடங்கி ஆறாம் நாள். நிரையில் குனிந்தால் வயலின் மறுகரை வரம்பு வரும்வரை எவரும் நிமிரக் கூடாது. கிளிநொச்சியில் காணி கிடைத்த நாள்முதல் எங்கள் வழக்கம் அது. ஒருவன் நிமிர்ந்தால் மற்றவர்களின் இடுப்பும் நோவை நினைத்துவிடும். சிவராசன் பாதி வயலில் நிமிர்ந்து நின்றான்.

"குனியடா!"

"ஏலாது அத்தான். முள்ளந்தண்டு வெடிக்குது."

எனக்கும் வெடித்துக்கொண்டுதான் இருந்தது. அதனால்தான் கோபம் வந்ததோ தெரியாது. அரிவாள் பிடியால் அவன் நடுமுதுகில் ஓங்கிக் குத்தினேன். முகங்குப்புற விழுந்தான். நெல்லின் அடிக்கட்டை கன்னத்தைக் கிழித்தது. எழும்பி, அரிவாளோடு என் கழுத்துக்குப் பாய்ந்தான். நான்கு பேர் சேர்ந்து பிடித்தார்கள்.

வெட்டு நாட்களில் பொழுதுபட்டதும் நாங்கள் இருவரும் நோவு போக மாறி மாறி முதுகு மிதித்துவிடுவோம். இன்று வரமாட்டான் என்று நினைத்துக்கொண்டு பாயில் குப்புறக் கிடந்தேன். வந்தான். நான் அவனைக் குத்திய அதே இடத்தில், என் நடுமுதுகில், குதிக்காலை வைத்து முழுப் பாரத்தையும் இறக்கினான். கத்தினேன்.

"சத்தம் போடாதேங்கோ அத்தான். வரம்பு இன்னும் வரேல்லை" என்று மறுபடியும் மிதித்தான்.

மளுக்கென்றது. செத்தேன் என்று நினைத்தேன். எழும்பினால், ஆறு நாளைக்குப் பிறகு நேராக நிற்கிறேன்.

"நீ படு, மிதிக்கிறன்."

"உங்கட கால் என்ர முதுகில படவேண்டாம்."

பக்கத்துக் கொட்டிலில் அவன் முனகுவது கேட்கிறது. விடிந்தால் அரிவாளோடு எனக்கு அடுத்த நிரையில் நிற்பான். வரம்பு வரும்வரை நான் குனிந்தே இருக்கவேண்டும்.