பிரபுவைக் கொன்ற நாள்

மார்ச் 4, திங்கள்

தவக்காலமாம். எனக்கு அது நவம்பரிலேயே தொடங்கிவிட்டது, இவர் பாரிசவாதத்தில் விழுந்து பேச்சு நின்ற அன்று. அதற்குப் பிறகு நானும் வாசல் படலை தாண்டவில்லை. யன்னலால் துறைமுகம் இரண்டு தண்ணீர்த் தாங்கிகளுக்கு நடுவே ஒரு முழம் தெரிகிறது. முன்வீட்டு றோஸ் விறாந்தையில் குந்தப் புதுக் கதிரைகள் இறக்கியிருக்கிறாள். எத்தனை என்று பார்க்கக்கூட இந்த யன்னல் போதவில்லை. ஊர்க்கதை இல்லாமல் மனுசர் உயிரோடு இருக்கிறதா?

"அவருக்கு ஏதாவது வாசிச்சுக் காட்டுங்கோ" என்றார் டொக்டர்.

அலுமாரியில் இவருடைய பழைய ஆங்கில நாவல் கிடக்கிறது. கோட்டை, பேய், அடைபட்ட பெண். "உனக்கு விளங்காது" என்று கலியாணம் கட்டிய நாளிலிருந்து தொடவிடாத புத்தகம். இப்போது தடுக்க ஏலாதே!

மார்ச் 6, புதன்

விளங்கவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

அகராதியோடு மல்லுக்கட்டி, பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்லுகிறேன். இவர் முகட்டைப் பார்க்கிறார். ஒரு வசனம் தொடங்கினால் முற்றுப்புள்ளி வருவதற்குள் உலை பொங்கிவிடும். அது ஏன் என்று இன்றைக்குத்தான் பிடிபட்டது — அடைபட்டவளுக்கு நாளும் முடிவதில்லை. அவளுடைய யன்னலிலும் கடல் ஒரு கீற்றுத்தான். எழுதினவன் எங்கட வீட்டை எப்ப வந்து பார்த்தவன்?

மார்ச் 22, வெள்ளி

அலுப்பு. ஒரு அத்தியாயத்தை அப்படியே விழுங்கிவிட்டு, கோட்டைப் பிரபுவைப் படியில் உருட்டிக் கொன்றேன். பெண்ணை ஒரு மாலுமியோடு கப்பலேற்றினேன்.

கட்டிலில் ஒரு முனகல்.

"சா... கேல்லை."

மாதாவே! இத்தனை மாதத்துக்குப் பிறகு வந்த முதல் சொல், பிரபு சாகேல்லை என்று எனக்குப் பிழை பிடிக்க! மனுசன் மாறவேயில்லை. குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதேன். திரும்பி வந்து, உயிர்த்த ஞாயிறுக்கு முன்னரே பிரபுவை உயிர்ப்பித்தேன்.

மார்ச் 26, செவ்வாய்

கதையில் வருகிற பேய்க்கு நானாகச் சம்பந்தம் பேசினேன். "இ... ல்லை." கோபத்தில் வலக்கை விரலும் அசைந்தது!

ஏப்ரல் 7, ஞாயிறு

பக்கத்து வீட்டு நிலுஷா, ஆங்கிலம் படிப்பிக்கிற பிள்ளை, வந்தாள். "அங்கிளுக்கு நான் வாசிக்கிறன். நீங்கள் போயிட்டு வாங்கோ அன்ரி."

பூசை கண்டேன். றோஸின் கதிரைகளையும் கண்டேன். ஆறு. ஒன்றுக்குக் கால் ஆட்டம், மனம் குளிர்ந்தது. கடற்கரையில் முழுக் கடலும் கிடந்தது. நானோ, அந்தப் பெண் கோபுரக் கதவைத் திறந்தாளோ என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் நிலுஷா புத்தகத்தை மூடி வைத்திருந்தாள். "ஒரு பிழையும் விடாமல் வாசிச்சனான் அன்ரி. அங்கிள் சுவர்ப்பக்கம் திரும்பிட்டார்."

"என்னப்பா?" என்றேன்.

வாயைக் கோணிக்கோணி, ஒருபடியாகச் சொன்னார்: "நீ... வாசி. பொய்... சொல்லு."

பிள்ளையை அனுப்பினேன். படலையை நானே உள்ளால் பூட்டிக்கொண்டு வந்து, விட்ட பக்கத்தைத் தேடினேன்.