நம்பாதவனின் சாட்சி

இன்று காலை ரங்கூன் தாமுவேயில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் ஏசியைக் கழற்றினேன். ஃபில்டரை உருவி ஜன்னலோரம் தட்டினால் தூசியோடு அத்தர் வாசனை எழுந்து வந்தது. அந்த வீட்டுப் பெரியவர் வெள்ளிக்கிழமைதோறும் ஊது என்கிற அகிற்கட்டையில் புகைபோடுகிறவராம். ஏணியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரம்மா பர்மியமும் தமிழுமாகப் பதறிப்போனார். "அமெலே! என்ன ஸயா, மயக்கமா? தண்ணி தரட்டுமா?"

"ஒண்ணுமில்லம்மா. ஒரு ஆளு ஞாபகம்."

அந்த ஆள் நீதான், பாய். சவூதியில் நாம் ஏறி இறங்கிய வீடுகளிலெல்லாம் இந்த வாசனைதான். நீ போன மழைக்காலமும் கழிந்துவிட்டது. செத்தவனுக்குக் கடிதம் எழுதுவதும் சாமி கும்பிடுவதும் ஒன்றுதானே என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். இன்றைக்கு உனக்கு அந்த உரிமை உண்டு.

எண்பத்தெட்டாம் வருஷத்துக் கலவரத்துக்குப் பிறகு ரங்கூனில் வேலையென்று சொல்லிக்கொள்ள என்ன இருந்தது? நான் தாகேதா பேட்டைக்காரன், போட்டாதாங் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரின் மகன். நீ தாமுவேயில் தையற்கடை வைத்திருந்தவரின் மகன். இரண்டு பேருக்கும் ஏசி வேலை தெரியும். ஒரே விமானத்தில் சவூதிக்குப் போய், ஒரே கடையில் சேர்ந்து, ஒரே அறையில் படுக்கை விரித்தோம். முதல் நாளே உன்னிடம் சொல்லிவிட்டேன், எனக்குச் சாமி கிடையாது என்று. உன் சாமி மட்டுமல்ல, என் வீட்டுச் சாமியும் கிடையாது. என் அப்பா அப்படி. காவடிக்குத் தெருவே திரண்டாலும் வாசலில் நின்று எல்லாருக்கும் மோர் ஊற்றுவாரே தவிர, கையெடுத்துக் கும்பிடமாட்டார். அது எனக்கும் ஒட்டிக்கொண்டது. நீ கொஞ்ச நேரம் என்னையே உற்றுப் பார்த்தாய்.

"யோவ், வேற ஊரே கெடைக்கலையா உனக்கு? இங்க வந்து இதைச் சொல்றே?"

"வேற ஊர்ல விசா குடுக்கலையே பாய்."

அன்றிலிருந்து நீ எனக்கு வைத்த பெயர் சாமி. "சாமியே இல்லேங்கற ஆளு, நீயே இருந்துட்டுப் போ" என்றாய்.

நோன்பு மாதத்தில் பகல் வேளை அங்கே வெளியில் யாரும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கக் கூடாது. எந்த மதக்காரனாயிருந்தாலும் சரி. நான் மதியம் அறைக்கு வந்து, கதவிடுக்கில் ஈரத்துண்டைச் சொருகிக்கொண்டு, ரங்கூனிலிருந்து வந்த பலாச்சாங்கைச் சோற்றில் பிசைந்து தின்பேன். பொரித்த இறால் பொடியின் வாசனை ஒரு துண்டுக்கு அடங்குமா? நீ நோன்போடு அதே அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாய். வெளியே எங்காவது போய்த் தின்கிறேன் என்றால் விடமாட்டாய்.

"எங்க போவே, மாட்டிக்கிட்டு உதை வாங்கவா? உக்காந்து தின்னு. உன்னைப் பட்டினி போட்டு நான் சொர்க்கத்துக்குப் போக வேணாம்."

ஒருநாள் மட்டும் முனகினாய். "நாளைக்கு பலாச்சாங் வேணாம்யா சாமி. ரசம் வச்சுக்க. நானும் மனுஷன்தானே."

நம் வேலையோ வீடு வீடாக ஏறி இறங்குகிற வேலை. அங்கே ஒரு வீட்டுக்குள் வெளி ஆண் நுழைந்தால், படியடியில் நின்று உரக்க "யா அல்லாஹ்" என்று குரல் கொடுக்கவேண்டும். மாடியில் இருக்கும் பெண்கள் அதைக் கேட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். கடையில் இருந்த எல்லாரும் சொல்வார்கள், மலையாளிக் கிறிஸ்தவர்கள்கூட. எனக்குத்தான் தொண்டையைவிட்டு வரவில்லை. பிடிவாதம் என்றால் பிடிவாதம்தான். நம்பாத பேரைப் பிழைப்புக்காகத் தினமும் கூவுவது அந்தப் பேருக்கே செய்கிற மரியாதைக் குறைவாக எனக்குப் பட்டது. நாம் சேர்ந்து போகும்போது தொல்லையில்லை. நீ குரல் கொடுப்பாய், நான் கருவிப்பெட்டியோடு பின்னால் ஏறுவேன்.

உனக்குக் காய்ச்சல் கண்ட அன்றுதான் வினை வந்தது. தனியாகப் போனேன். பெரிய வீடு, எந்திரம் மொட்டைமாடியில். வீட்டு ஆண்பிள்ளை கதவைத் திறந்துவிட்டுத் தொலைபேசியை எடுக்க ஓடிவிட்டார். படியடியில் நின்று யோசித்தேன். ரங்கூனில் நாம் என்ன செய்வோம்? மாடிவீடுகளிலிருந்து தெருவரைக்கும் கயிறு தொங்கும், மேல்முனையில் மணி கட்டியிருக்கும். கீழே நின்று ஒரு இழுப்பு இழுத்தால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று மேலே தெரிந்துவிடும். எனக்கு அந்தப் புத்திதான் போயிற்று. ஸ்பானரை எடுத்துப் படிக்கட்டுக் கைப்பிடிக் கம்பியில் டங், டங், டங் என்று தட்டினேன். நல்ல கனத்த இரும்பு. வீடு முழுக்க மாதாகோயில் மணி போல ஒலித்தது.

மாதாகோயில் என்று முதலில் சொன்னது நானல்ல, அந்த வீட்டம்மா. கடை ஆள் முஸ்லிம் வீட்டுக்குள் வந்து மணியடித்தான் என்று சாயங்காலத்துக்குள் நம் முதலாளி ஷேக்குக்குச் சேதி போய்விட்டது.

காய்ச்சலோடு உன்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார் ஷேக். அரபி தெரிந்தவன் நீதானே. அவரைப் பொல்லாதவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சம்பளத்தை ஒருநாளும் இழுத்தடித்ததில்லை, நம்மோடு ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிட்டவர். எதற்கு மணியடித்தான் என்று கேட்டார். ரங்கூன் கயிற்றுமணியை நீ கைகளால் இழுத்துக் காட்டி விளக்கினாய். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு முடிந்திருக்கவேண்டியது. அல்லாஹ்வின் பேரைச் சொல்ல இவனுக்கு என்ன தடை என்று அடுத்த கேள்வி வந்தது.

நீ என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாய். "கிறிஸ்தவன்னு சொல்லிரட்டுமா? வேதக்காரன்னா விட்டுருவாரு."

"இல்லாததை எதுக்குச் சொல்லணும்?"

"உன் நேர்மையை ஊறுகா போட்டு வச்சுக்கய்யா! ஊருக்கு ஏத்திவிட்டா உன் பொண்டாட்டி புள்ளைக்கு என்ன பதில் சொல்லுவே?"

தாகேதாவில் ஒழுகுகிற கூரைக்குக் கீழே என் மனைவி கைக்குழந்தையோடு நான் அனுப்புவதை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் உள்ளதைச் சொல் என்றேன். நீ கண்ணை மூடித் திறந்தாய். பிறகு உள்ளதைச் சொன்னாய். கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாயிருந்திருக்கும். மனுஷர் கலங்கிப்போனார். நெடுநேரம் பேசினார். அவர் கேட்டது ஒரே வரி, கலிமா. வணக்கத்துக்குரியவன் இறைவன் ஒருவனே என்கிற அந்த வரியை நான் சொல்லிவிட்டால் போதும், என்னைக் கடைக்கு மேஸ்திரியாக்குவார், குடும்பத்தை வரவழைப்பார், தன் காரிலேயே மக்காவுக்கு அழைத்துப் போவார். நெஞ்சாரத்தான் சொன்னார். அத்தனையையும் தமிழில் எனக்குச் சொல்லிவிட்டு, உன் பங்குக்கு ஒன்று சேர்த்தாய்.

"சாமி, நீ சொன்னா என்னைவிடச் சந்தோஷப்படறவன் எவனும் இல்ல. ஆனா நம்பாம சொல்லாதே. அது எங்க வீட்டுத் தங்கம்யா. உன் பித்தளைக்கு முலாம் பூச எடுத்துக்காதே."

முடியாது என்று தலையாட்டினேன். ஷேக் பெருமூச்சு விட்டார். பொய்யாகச் சொல்கிறவனைவிட இவன் மேல்தான், ஆனால் படியடியில் குரல் கொடுக்கமாட்டேன் என்கிறவனைப் பெண்கள் இருக்கிற வீட்டுக்கு எப்படி அனுப்புவேன், ஊருக்குப் போகட்டும் என்றார்.

அப்போது நீ என்னைக் கேட்காமலே ஒரு காரியம் செய்தாய். அடுத்த மாதத்திலிருந்து உனக்குத் தனி வண்டி, உனக்குக் கீழே ஆட்கள் என்று பேச்சாகியிருந்தது. அது வேண்டாம் என்றாய். "இவன் என்கூடவே வரட்டும். ரெண்டு பேருக்கும் சேத்து நான் குரல் குடுக்கறேன்" என்று அவரிடம் சொன்னதாக வெளியே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். நான் வாய் திறப்பதற்குள் கையைக் காட்டித் தடுத்தாய்.

"ஒண்ணும் பேசாதே. காய்ச்சக்காரன்கிட்ட வம்பு வளக்காதே."

நாம் ஊர் திரும்புகிறவரைக்கும் எத்தனை வீடு, எத்தனை படி! ஒவ்வொன்றின் அடியிலும் நின்று அந்தக் கரகரத்த குரலில் நீ கூவினாய். நோன்பில் நாக்கு வறண்ட மதியங்களிலும் கூவினாய். உன்னால்தான் எனக்கு வண்டி போயிற்று என்று ஒருமுறைகூடக் குத்திக்காட்டவில்லை. சில நாள் எனக்கு அது எரிச்சலாகக்கூட இருந்தது. இப்படி ஒரு நல்லவனோடு எப்படிச் சண்டை போடுவது?

போன மழைக்காலம் உன் இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டன. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். இனி எங்கள் கையில் இல்லை என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். உன் அண்ணன் பள்ளிவாசல் ஹஜ்ரத்தை அழைத்துவரத் தாமுவேக்கு ஓடினார். வெளியே கொட்டுகிற மழை, தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். உன் வீட்டம்மா எதிர்க் கடையில் ஊசிமருந்து வாங்க இறங்கினார். "அண்ணே, பாத்துக்கங்க, இதோ வந்துர்றேன்" என்றார். கட்டிலருகே நான் ஒருவன்தான்.

நீ கண்ணைத் திறந்தாய். மூச்சு மாறியிருந்தது.

"ஹஜ்ரத் வந்துட்டாரா?"

"வந்துக்கிட்டிருக்காரு பாய்."

"நேரமில்ல சாமி."

உனக்கு என்ன வேண்டுமென்று எனக்குத் தெரியும். உங்களில் ஒருவர் போகும் வேளையில் யாராவது காதருகே கலிமாவை எடுத்துச் சொல்லவேண்டும். போகிறவர் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். அதுவே அவர் கடைசிப் பேச்சாக இருக்கவேண்டும். அந்த வார்டில் அதை எடுத்துச் சொல்ல யாரிருந்தார்கள்? பக்கத்துக் கட்டிலில் மணிமாலை உருட்டிக்கொண்டு ஒரு பர்மியப் பெரியவர். வாசலில் கழுத்தில் சிலுவையோடு ஒரு கரேன் இனத்து நர்ஸ். அப்புறம் நான்.

அந்த வரி எனக்கு மனப்பாடம். அத்தனை வருஷம் காதில் விழுந்தது எங்கே போகும்? ஆனால் என் வாயால் அதைச் சொன்னதே இல்லை. வேலைக்காகவும் சொல்லவில்லை, பெண்டாட்டி பிள்ளைக்காகவும் சொல்லவில்லை. சொல்லாதே என்று தடுத்தவனே நீதான். ஜன்னல் வழியே பார்த்தேன். மழையைத் தவிர யாரும் வரவில்லை. உன் பக்கம் குனிந்தேன்.

"பாய், எனக்கு இன்னும் நம்பிக்கை வரல. ஆனா எடுத்துக் குடுக்கட்டுமா?"

உன் உதட்டோரம் சிரிப்பு வந்தது. இத்தனைக்கும் நடுவில் உனக்குச் சிரிப்பு! "குடு... உனக்கில்லையே, எனக்குத்தானே."

பஜனையில் அடியெடுத்துக் கொடுக்கிறவன் பாட்டுக்குச் சொந்தக்காரனாகிவிடுவதில்லை. உன் காதருகே வாயை வைத்து மெதுவாகச் சொன்னேன். லா இலாஹ இல்லல்லாஹ். நீ திருப்பிச் சொன்னாய். தெளிவாக, கடைசி எழுத்துவரைக்கும் சொன்னாய். அதற்குப் பிறகு நீ பேசவில்லை. உன் வீட்டம்மா மருந்தோடு திரும்பி வந்தபோது உன் கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அதில் நாடி இல்லை.

சொட்டச் சொட்ட நனைந்து உன் அண்ணனும் ஹஜ்ரத்தும் வந்தார்கள். அண்ணன் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி கலிமா சொன்னானா?"

"சொன்னான்" என்றேன்.

"யாரு எடுத்துக் குடுத்தா?"

"நான்தான்."

அழுகிற முகம் அப்படியே மலர்ந்தது. "அப்ப நீங்களும்..."

"இல்லீங்க. நான் எப்பவும் போலத்தான்."

மலர்ந்தது வாடிவிட்டது. அவர்மேல் தப்பில்லை. தம்பியின் மறுமையைப் பற்றிய கவலை அவருக்கு. ஹஜ்ரத்தைப் பார்த்துச் சொன்னார்: "நம்பிக்கையில்லாதவரு சொல்றதை எப்படிங்க எடுத்துக்கறது? நம்ம மனசு ஆறட்டும்னு சொல்லியிருக்கலாமில்லையா?"

ஹஜ்ரத் உன் கட்டிலருகே வந்து நின்றார். நம்பிக்கை இல்லையே என்று என் வாழ்நாளில் அன்றுதான் அழுதேன். எனக்காக அல்ல. நீ மூச்சைக் கூட்டிச் சொன்ன சொல், கேட்டவன் நான் என்கிற ஒரே காரணத்தால் வீணாகிவிடுமோ என்று பயம்.

உன் வீட்டம்மா உன் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார். தலை நிமிராமலே உன் அண்ணனிடம் பேசினார்.

"இவரு சொன்னா சொன்னதுதான் மச்சான். மேஸ்திரி வேலை தர்றேன், குடும்பத்தைக் கூட்டியாறேன்னு அந்த அரபி சொன்னப்பவே அந்த வார்த்தையைப் பொய்யாச் சொல்லாத மனுஷன். உங்க தம்பி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக. அன்னைக்கு ஒருக்கா சும்மாவாச்சும் சொல்லியிருந்தாருன்னா, இன்னைக்கு இவரு சொல்றதை நானே நம்பமாட்டேன்."

ஹஜ்ரத் "சரிதாம்மா" என்று தலையசைத்தார். உன் அண்ணன் எழுந்து வந்து ஈரக்கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படிச் சொன்னான்? இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன். அன்றிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். பெருநாளைக்கு உன் வீட்டுக்குப் போனால் யாராவது ஒருவர் கேட்கிறார்கள். மலேசியாவில் இருக்கிற உன் மகள் போன மாதம் வந்திருந்தாள். "அத்தா கடைசியா என்ன சொன்னாங்க மாமா, நீங்கதானே கேட்டீங்க?" என்று என்னெதிரே உட்கார்ந்தாள். தமிழ் பாதி, பர்மியம் பாதி அவளுக்கு. அவளுக்குப் புரிகிறவரைக்கும் சொன்னேன்.

உன்னைச் சுற்றி நம்புகிறவர்கள் எத்தனையோ பேர் இருந்தும், உன் கடைசிச் சொல்லுக்குச் சாட்சியாக வாய்த்தவன் நான். மேலே ஒருவன் இருக்கிறான் என்று எனக்கு இன்றுவரைக்கும் தோன்றவில்லை, பாய். ஒருவேளை இருந்து, உன் கணக்கில் சந்தேகப்பட்டு, என்னைக் கூப்பிட்டுக் கேட்டால் அவனிடமும் இதைத்தான் சொல்வேன். சொன்னான். என் காதால் கேட்டேன்.